சுயதொழில் செய்வோரின் வருமானத்தை மட்டும் வைத்து அவர்களுடைய வாழ்க்கைத் தரத்தை மதிப்பிட முடியுமா?

ஓரளவுக்கே முடியும். மாதச் சம்பளம் பெரும்பாலும் உழைப்புக்கான ஊதியம் மட்டுமே. சுயதொழில் செய்பவரின் வரவிலோ உழைப்பின் கூலியும் போட்ட முதலின் ஆதாயமும் பிரிக்க முடியாதபடி சேர்ந்திருப்பதால், தேசியக் கணக்குகளில் அதைக் ‘கலப்பு வருமானம்’ என்றே தனியாகக் குறிக்கிறார்கள். கருவிகளின் தேய்மானம், கடன் வட்டி, நோயுற்று வேலை நின்றுபோகும் நாட்கள், முதுமைக்கான சேமிப்பு ஆகிய அனைத்தையும் அந்த வரவிலிருந்துதான் ஈடுகட்ட வேண்டும். கூலியின்றி உடனுழைக்கும் குடும்பத்தினரின் நேரம் அந்தக் கணக்கில் செலவாக ஏறுவதே இல்லை. இதை நான் பெரும் அநீதியாகவே கருதுகிறேன். மறுபுறம், தொழிலுக்கு வாங்கிய வண்டி வீட்டுக்கும் பயன்படுவதுண்டு. கணக்கெடுப்புகளில் வருமானத்தைக் குறைத்துச் சொல்வதும் உண்டு. ஆகவே, ஏறி இறங்கும் மாத வருமானத்தைவிட, ஓராண்டில் குடும்பம் செய்யும் நுகர்வுச் செலவையும் அதன் கடன், சொத்து நிலையையும் சேர்த்துப் பார்ப்பதே நம்பகமான வழி.