நான்கரை மாதக் குழந்தைக்கு ராகிக் கூழ் கொடுக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு நான்கரை மாதம் ஆகிறது, தாய்ப்பால் மட்டுமே கொடுத்து வருகிறேன். முதல் மூன்று மாதங்களில் மாதம் ஒரு கிலோ வீதம் ஏறிய எடை, இப்போது அரைக் கிலோ அளவில்தான் ஏறுகிறது. இரவில் அடிக்கடி எழுகிறான். நாங்கள் சாப்பிடும்போது எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறான். பால் போதவில்லை, ராகிக் கூழ் கொடு என்கிறார் என் மாமியார். கொடுக்கலாமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: இப்போது வேண்டாம். நீங்கள் குறிப்பிட்டுள்ள மூன்றுமே இந்த வயதுக்கு இயல்பானவை. அவற்றை மட்டும் வைத்துப் பால் போதவில்லை என்று முடிவு செய்ய முடியாது. நான்காம் மாதத்தையொட்டி எடை ஏறும் வேகம் எல்லாக் குழந்தைகளுக்கும் குறைகிறது. உறங்கும் முறையும் மாறுகிறது. வாயைப் பார்ப்பது பசியால் அல்ல, வேடிக்கைதான். நீங்கள் சீப்பை எடுத்துத் தலை வாரினாலும் அப்படியேதான் பார்ப்பான். நாளொன்றுக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்து, தடுப்பூசி அட்டையிலுள்ள வளர்ச்சிக் கோட்டையொட்டி எடை ஏறிவந்தால், உங்கள் பால் போதுமானது. இப்போது கூழைப் புகட்டினால் வயிறு அதனால் நிரம்பி, குடிக்கும் பாலின் அளவு குறையும். வயிற்றுப்போக்குக்கும் வழி திறக்கும்.

ஆறு மாதம், அதாவது 180 நாள் நிறையும் வரை தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தலை நன்றாக நின்று, பிடித்துக்கொண்டால் உட்கார்ந்து, வாயில் வைத்ததை நாக்கால் வெளியே தள்ளாமல் விழுங்கும் பக்குவமும் பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான் கூடிவரும். நம் வீடுகளில் சோறூட்டும் சடங்கை ஆறாம் மாதத்தையொட்டி வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. எனவே மாமியாரிடம் மறுத்துப் பேசுவதை விட, அதற்கு ஆறு மாதம் நிறைந்தபின் ஒரு நல்ல நாள் பார்க்கச் சொல்லலாம்.

அதே நேரம், "பால்தான் குடிக்கிறானே" என்று எட்டு மாதம் வரை தள்ளிப்போடுவதும் தவறு. நான் அடிக்கடி பார்ப்பது இந்தத் தவறைத்தான். பிறக்கும்போது உடலில் சேமித்து வந்த இரும்புச்சத்து ஏறத்தாழ ஆறாம் மாதத்தில் தீர்ந்துவிடுகிறது. தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு என்பதால் உணவின் வழியாகவே அதை ஈடுசெய்ய வேண்டும். ஆகவே தொடங்கும் உணவு வெறும் கஞ்சித் தண்ணீராகவோ பருப்புத் தண்ணீராகவோ இருக்கக் கூடாது. குழைய வேகவைத்த சோற்றையும் பருப்பையும் நெய்விட்டு மசித்து, கரண்டியைச் சாய்த்தாலும் வழிந்தோடாத பதத்தில் ஊட்டுங்கள். ராகிக் கூழுக்கும் அதே பதம்தான். முதலில் இரண்டு மூன்று கரண்டியில் தொடங்கி, சில நாட்களில் தினமும் இரண்டு மூன்று வேளையாக்கலாம். முட்டை, மீன் சாப்பிடும் வீடென்றால் அவற்றையும் ஆறு மாதம் முடிந்ததுமே, நன்றாக வேகவைத்து, முள் நீக்கி மசித்துச் சேர்க்கலாம். உப்பும் சர்க்கரையும் தேவையில்லை. தேனை ஒரு வயது வரை நாக்கில் தொட்டுக்கூட வைக்காதீர்கள். தாய்ப்பாலை இரண்டு வயது வரையும், விரும்பினால் அதற்கு மேலும் தொடரலாம்.

உங்கள் மகன் குறைமாதத்தில் பிறந்தவனா என்பதைக் கடிதத்தில் குறிப்பிடவில்லை. அப்படியானால் பிறந்த தேதியை மட்டும் வைத்து நாள் குறிக்காமல், பிரசவத்துக்கு முதலில் குறித்திருந்த தேதியையும் உங்கள் குழந்தை மருத்துவரிடம் சொல்லி, அவர் சொல்லும் வாரத்தில் தொடங்குங்கள்.