அமெரிக்க ஊர்களில் புயல் வருமுன் சங்கு, அதாவது சைரன், ஊதுகிறார்களே, அந்த வழக்கம் எப்படி வந்தது? நம் பக்கம் ஏன் இல்லை?

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: போருக்காக வந்தது. குண்டு வீச விமானம் வந்தால் ஊரை எச்சரிக்க நட்ட சங்குகளைப் பிறகு சுழல்காற்றுக்கும் ஊத ஆரம்பித்தார்கள். இரண்டாவது கேள்விக்கு அவ்வளவு சுருக்கமாகச் சொல்ல முடியாது. மேட்டூர் அணையில் உபரிநீர் திறக்கும்போது அபாயச் சங்கு ஊதத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தச் சத்தம் ஆற்றோடு கீழே இறங்கி வருவதில்லை. எனக்குச் சொந்த ஊர் பவானி. கோவையில் ஒரு நூற்பாலையின் எலக்ட்ரிக்கல் பிரிவில் வேலை பார்த்தேன், ஷிப்ட் சங்கும் எங்கள் பொறுப்பில்தான் இருந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அமெரிக்காவின் நடுப்பகுதியில் டொர்னாடோ என்னும் சுழல்காற்று அடிக்கடி வரும். ஆனாலும் 1940கள் முடியும்வரை அந்த நாட்டு வானிலைத் துறை அந்தச் சொல்லைத் தன் முன்னறிவிப்பில் போடவே தயங்கியது. ஜனங்கள் பீதியில் ஓடிவிடுவார்கள் என்ற பயம். 1948 மார்ச் 20 அன்று ஓக்லஹோமாவில் டிங்கர் விமானப்படைத் தளத்துக்குள் சுழல்காற்று புகுந்து விமானங்களை நொறுக்கிவிட்டது. அங்கே வானிலைப் பிரிவில் இருந்த ஃபாபுஷ், மில்லர் என்ற இரண்டு அதிகாரிகள், அதே மாதிரி வானம் கூடினால் மறுபடி வருமா என்று பழைய பதிவுகளைப் புரட்டினார்கள். ஐந்தாம் நாள், மார்ச் 25, அதே கூறுகள் திரும்பவும் கூடி வந்தன. இன்று வரலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். விமானங்களையும் ஆட்களையும் பத்திரப்படுத்தினார்கள். அன்று மாலையே சுழல்காற்று அதே தளத்தைத் தாக்கியது. அதற்கப்புறம் சொல்ல முடியாது என்று யாரும் சாதிக்க முடியவில்லை. 1950ல் வானிலைத் துறை தன் தயக்கத்தை விட்டது.

சரி, வருவது தெரிந்தாலும் ஊருக்கு எப்படிச் சொல்வது? அதற்கான கருவி வேறு காரணத்துக்காக அப்போதுதான் ஊருக்குள் வந்துகொண்டிருந்தது. 1949ல் சோவியத் யூனியன் அணுகுண்டு சோதித்ததும் அமெரிக்க நகரங்கள் பள்ளிக்கூடம், தீயணைப்பு நிலையம் என்று உயரமான இடமெல்லாம் சங்கு ஏற்றின. 1952ல் கிரைஸ்லர் கார் கம்பெனி செய்த சங்கு ஒன்று 180 குதிரைத்திறன் வி8 எஞ்சினில் ஓடியது, 100 அடி தூரத்தில் 138 டெசிபல். எங்கள் மில் சங்கின் பக்கத்தில் நின்றாலே காதைப் பொத்திக்கொள்வோம், இது அதைவிட எத்தனையோ மடங்கு.

அந்தப் போர் வரவில்லை. காற்று வந்தது. 1965 மே 6 மாலை மின்னியாபொலிஸ், செயின்ட் பால் என்ற இரட்டை நகரங்களையும் சுற்றுப்புறத்தையும் ஆறு சுழல்காற்றுகள் அடுத்தடுத்துத் தாக்கின. அந்த நகரங்களில் போர்ச் சங்கை வானிலைக்காக ஊதியது அன்றுதான் முதல் தடவை. கூடவே உள்ளூர் வானொலி விடாமல் செய்தி சொல்லிக்கொண்டே இருந்தது. 13 பேர் இறந்தார்கள், அந்த அளவு காற்றுக்கு இது மிகக் குறைவு என்றுதான் அன்று முதல் பேசப்படுகிறது. இதற்கு நேர்மாறு ஒஹையோவின் ஸீனியா. 1974 ஏப்ரல் 3, 4 தேதிகளில் 148 சுழல்காற்றுகள் அடித்தபோது ஸீனியாவில் சங்கே கிடையாது. 30 பேருக்கு மேல் போய்விட்டார்கள். பிறகுதான் அங்கே சங்கு நட்டார்கள்.

இங்கே கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். துளை போட்ட கூடு ஒன்று நிற்கும், ஸ்டேட்டர். அதற்குள் துளை போட்ட ரோட்டர் சுற்றும். துளையும் துளையும் நேராக வரும்போது காற்று வெளியே பாயும், விலகும்போது அடைபடும். பத்துத் துளை உள்ள ரோட்டர் வினாடிக்கு 50 சுற்று சுற்றினால் 500 ஹெர்ட்ஸ் சத்தம். மோட்டார் வேகம் பிடிக்கும்போது சுருதி ஏறும், கரண்ட்டை நிறுத்தினால் இறங்கும். எளிய மோட்டார் சங்கில் தெளிவாகப் பிரித்துக் காட்டக்கூடியவை இரண்டே: ஒரே சீரான சத்தம், ஏறி இறங்கும் சத்தம். அமெரிக்கர்கள் சீரான சத்தத்தை 3 முதல் 5 நிமிடம் ஊதினால் "கவனி, வானொலியைப் போடு" என்றும், ஏறி இறங்கும் சத்தத்தை 3 நிமிடம் ஊதினால் "தாக்குதல்" என்றும் வைத்துக்கொண்டார்கள். சங்குக்கு உள்ள மொழி அவ்வளவுதான். எந்தப் பக்கம் ஓடுவது என்று அது சொல்லாது. அதை ஊரார் முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

தெரியாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஹவாயின் ஹிலோ நகரத்தைப் பாருங்கள். 1960 மே 22ல் சிலியில் பெரும் நிலநடுக்கம். அன்று இரவு எட்டரை மணிவாக்கில் ஹிலோவில் சுனாமிச் சங்கு ஊதிவிட்டது. பெரிய அலை வந்தது நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு மேல். தப்பிக்க நாலு மணி நேரத்துக்கு மேல் இருந்தும் 61 பேர் இறந்தார்கள். அதற்குக் கொஞ்ச காலம் முன்புதான் சங்கு முறையை மாற்றியிருந்தார்கள். இது முதல் சங்கு, கிளம்பச் சொல்ல இன்னொன்று ஊதும் என்று பலர் காத்திருந்துவிட்டார்கள். அதே ஹவாயில் 2023 ஆகஸ்டில் லஹைனா ஊர் தீயில் எரிந்தபோது சங்கு ஊதவேயில்லை. ஊதினால் சுனாமி என்று நினைத்து ஜனங்கள் மேட்டுப்பக்கம், அதாவது தீ இருக்கும் பக்கமே, ஓடுவார்கள் என்று அதிகாரி காரணம் சொன்னார். அந்த முடிவு சரியா என்று அங்கே பெரிய விவாதம் நடந்தது. எனக்கு இதில் தெரிவது, ஒரு சத்தத்துக்கு ஒரே அர்த்தம் என்று பழகியபின் அதை இன்னொன்றுக்கு எடுத்துக்கொள்ள முடியாது.

மிசௌரியின் ஜாப்ளின் வேறு மாதிரி. 2011 மே 22ல் அங்கே 150 பேருக்கு மேல் இறந்தார்கள். சங்கு இரண்டு தடவை ஊதியது, முதல் தடவைக்கும் காற்று வந்ததற்கும் நடுவே நேரமும் இருந்தது. ஆனால் அடிக்கடி கேட்டுப் பழகிய காது, பலர் முதல் சங்குக்கு அசையவில்லை. ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார்கள், டிவியைப் போட்டார்கள்.

நம் பக்கம் வருவோம். கொங்கு நாட்டுக்குச் சங்கு புதிதில்லைங்க. கோவையில் 1888ல் ஸ்டேன்ஸ் மில் வந்ததிலிருந்து, அப்புறம் 1930களில் பைகாரா மின்சாரம் வந்து மில்கள் பெருகியதிலிருந்து, சிங்காநல்லூரும் பீளமேடும் சங்குக்கு எழுந்து சங்குக்குப் படுத்த ஊர்கள். எந்த மில் சங்கு என்று சத்தத்தை வைத்தே பெண்கள் சொல்வார்கள், சோறு கட்டும் நேரம் அதை வைத்துத்தான். நேரம் தவறி ஊதினால் என்ன விஷயம் என்று தெருவே வெளியே வந்து நிற்கும். ஒரு சத்தத்தை ஊர் பழகிக்கொள்ளும் என்பதற்கு இதைவிடச் சான்று எனக்கு வேண்டாம்.

இங்கே சுழல்காற்று பயம் இல்லை. நம் ஆபத்து ஆறு. மேட்டூர் அணை 1934ல் முடிந்தது, 120 அடி, 93.47 டி.எம்.சி. நிரம்பினால் 16 கண் மதகு திறக்கும். 2018 ஆகஸ்டில் ஏறக்குறைய 2 லட்சம் கனஅடி வந்தபோது பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம், ஈரோடு கருங்கல்பாளையம் என்று கரையோர வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. பவானி ஆற்றுப் பக்கம் இன்னும் திடீர் ஆபத்து. நீலகிரியில் மழை, பில்லூர் அணை திறக்கும், மேட்டுப்பாளையத்தில் அப்போது பளிச்சென்று வெயில் அடிக்கும். ஆற்றில் இறங்கிக் குளிக்கிறவருக்குத் தண்ணீர் ஏறப்போவதாக வானத்தில் ஒரு அடையாளமும் இருக்காது.

எங்கள் தெருவுக்குச் செய்தி வந்ததெல்லாம் தண்டோராவிலும், ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கியிலும்தான். தண்டோராவை 2022ல் அரசு நிறுத்தச் சொல்லிவிட்டது, அது போக வேண்டிய வழக்கம்தான். 2023 அக்டோபரில் எல்லோர் கைபேசியிலும் பெரிய சத்தத்தோடு சோதனை எச்சரிக்கை வந்தது நினைவிருக்கும். நல்ல ஏற்பாடு, வீட்டுக்குள் இருப்பவருக்கு அதுதான் சரி. ஆனால் பரிசலில் இருப்பவர், துணி துவைப்பவர், ஆடிப்பெருக்குக்கு பவானியில் ஆறுகள் கூடும் கூடுதுறையில் முங்கி எழுகிற பாட்டி, இவர்கள் கையில் கைபேசி இருக்காது. அமெரிக்காவிலும் இந்தச் சங்குகள் வெளியில் இருப்பவர்களுக்குத்தான், வீட்டுக்குள் கேட்கும் என்று நம்பாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். நம் படித்துறைகளுக்கு அப்படியே பொருந்துகிற கருவி இது. அங்கே பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் ஒளிய வேண்டும். இங்கே மேட்டூரில் திறந்த தண்ணீர் எங்கள் ஊருக்கு வரச் சில மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் கையில் இருந்தும் வீணாக்குவது எனக்குப் பொறுக்கவில்லை.

மேட்டூருக்குக் கீழே கொடுமுடி வரை படித்துறை உள்ள ஒவ்வொரு ஊரிலும் ஒரு சங்கு வேண்டும். அது வெள்ளத்துக்கு மட்டும் ஊத வேண்டும், திருவிழாவுக்கோ, மணி அறிவிக்கவோ கூடாது. மின்னசோட்டாவில் மாதம் முதல் புதன்கிழமை மதியம் ஒரு மணிக்குச் சோதித்துப் பார்ப்பதுபோல நாமும் ஒரு நாள் குறித்துச் சோதிக்க வேண்டும். பேட்டரி கட்டாயம், வெள்ளம் வரும் இரவில் த்ரீ பேஸ் கரண்ட் இருக்கும் என்று எந்த எலக்ட்ரீஷியனும் நம்பமாட்டான்.

இன்னொன்று, ஸ்விட்ச் யார் கையில் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். 2025 மே 16ல் செயின்ட் லூயிஸ் நகரத்தைச் சுழல்காற்று தாக்கியபோது, சங்கு இருந்தும், அதை அழுத்துவது யார் பொறுப்பு என்ற குழப்பத்தில் ஊதாமல் போனது. தாலுகா ஆபீஸ், நகராட்சி என்று பலர் சொல்வார்கள். நான் தீயணைப்பு நிலையத்தைச் சொல்வேன். இரவு இரண்டு மணிக்கும் அங்கே விழித்திருக்கும் ஆள் உண்டு, மேட்டூரிலிருந்து போன் வந்தால் யாரையும் கேட்காமல் உடனே ஊத அந்த ஆளுக்கு அதிகாரம் கொடுத்துவிட வேண்டும்.