பழைய லென்ஸ், புதிய கேமரா: மலேசிய வாசகர்களின் கேள்வி பதில்

ஜெலுத்தோங்கிலிருந்து: அண்ணே, லோரோங் கூலிட் சந்தையில ஹீலியோஸ் 44-2 ஒன்னு வாங்கிட்டேன். கேமரா சோனி ஏ6400. அடாப்டர் போட்டா ஷட்டரே விழமாட்டேங்குது. லென்ஸ் கோளாறா?

லென்ஸில் ஒன்றும் இல்லை தம்பி. அடாப்டர் என்பது இரண்டையும் இணைக்கும் வெறும் வளையம்தான்; லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே மின் தொடர்பு கிடையாது. அதனால் லென்ஸ் மாட்டவில்லை என்று கேமரா நினைத்துக்கொள்கிறது. மெனுவில் 'லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கட்டும்' என்கிற தேர்வை ஆன் செய்தால் போதும். திரையில் எஃப் எண் (ஒளி புகும் துளையான அப்பர்ச்சரின் அளவு) வராது, கோடுதான் தெரியும். அது சரிதான்.

ஏ மோடில் வையுங்கள். அப்பர்ச்சரை லென்ஸிலேயே திருப்ப வேண்டும், ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும். 44-2-இல் இரண்டு அப்பர்ச்சர் வளையங்கள் உண்டு. 'டிக் டிக்' என்று நிற்கும் வளையத்தை 5.6-இல் வைத்தால் அதுதான் எல்லை. வழுக்கிச் சுற்றும் மற்ற வளையத்தை முழுக்கத் திறந்து எஃப்/2-இல் ஃபோகஸ் செய்துவிட்டு, தட்டும்வரை மூடிப் படம் எடுங்கள்.

இன்னொன்று: ஆட்டோ ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறனைக் கேமராவே கூட்டிக் குறைப்பது) போட்டால், லென்ஸின் குவியத் தூரம் தெரியாத கேமரா 1/60-க்கு இறங்கிவிடும். ஏ6400-க்கு உள்ளே கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசர் கிடையாது. அதன் சென்சார் சிறியது என்பதால் 58 மி.மீ. லென்ஸ் அதில் 87 மி.மீ. போல நடந்துகொள்ளும். ஆட்டோ ஐஎஸ்ஓ குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தை 1/125 ஆக்கிவிடுங்கள்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து: என்னிடம் நிக்கான் டி750 இருக்கிறது. எம்42 (திருகி மாட்டும் பழைய லென்ஸ் வகை) அடாப்டரில் சூப்பர் டக்குமார் 50 எஃப்/1.4 போட்டேன். கிட்டத்தில் நன்றாக விழுகிறது, தூரத்தில் எல்லாமே மங்கல். வேறு அடாப்டர் வாங்கினால் சரியாகுமா?

ஆகாது. லென்ஸ் மவுண்டிலிருந்து சென்சார் வரையுள்ள தூரம்தான் இங்கே எல்லாவற்றையும் முடிவுசெய்கிறது. எம்42-க்கு அது 45.46 மி.மீ., நிக்கான் எஃப்-க்கு 46.5. லென்ஸ் கேட்பதைவிட 1.04 மி.மீ. அதிகமாகத் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. 50 மி.மீ. லென்ஸை அவ்வளவு தள்ளிவைத்தால் ஃபோகஸ் போகும் அதிகபட்ச தூரம் ஏறக்குறைய இரண்டரை மீட்டர். அடாப்டரின் விளிம்புத் தடிமனும் சேர்ந்தால் இன்னும் குறையும். நடுவே கண்ணாடி வைத்த அடாப்டர் தூரத்தை மீட்டுத்தரும், ஆனால் எஃப்/1.4-இல் படம் சோப்பு போட்ட மாதிரி இருக்கும். அதற்காகவா அந்த லென்ஸை வாங்கினீர்கள்?

கேனன் இஎஃப் 44 மி.மீ., அதனால் எம்42 அதில் ஒழுங்காக உட்காரும். ஆனால் ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆரில் சில லென்ஸ்களின் பின்புறம் கேமராவுக்குள் ஏறி இறங்கும் கண்ணாடி மேல் இடிக்கும். கேனனின் சொந்த எஃப்டி லென்ஸோ 42 மி.மீ.; அது கேனன் டிஎஸ்எல்ஆருக்கே ஆகாது. அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா வந்த பிறகு இந்தத் தலைவலி போயிற்று: சோனி இ 18, ஃபூஜி எக்ஸ் 17.7, கேனன் ஆர்எஃப் 20, நிக்கான் இசட் 16. மிச்ச இடத்தை அடாப்டர் நிரப்பும். எம்42-க்கும் சோனிக்கும் நடுவே 27.46 மி.மீ. தடிமன், அவ்வளவுதான்.

கிள்ளானிலிருந்து: மலிவு அடாப்டர் போதுமா? என்னுடையதில் கடைசித் தூரக் குறியான ∞-ஐத் தாண்டியும் ஃபோகஸ் போகிறது. லென்ஸில் உள்ள புள்ளியும் பக்கவாட்டில் திரும்பி நிற்கிறது.

தாண்டிப் போவது நல்லதுதான். மலிவு அடாப்டர்களைக் கொஞ்சம் மெலிதாகவே செய்வார்கள். தடிமனாகிவிட்டால் தூரமே கிடைக்காதே. திரையைப் பார்த்து ஃபோகஸ் செய்கிறவருக்கு நஷ்டம் இல்லை. லென்ஸில் உள்ள தூர எண்களை நம்பிச் சுடுகிறவருக்கும், ஃபோகஸோடு உள்கண்ணாடிகள் தனியே நகரும் அகலக் கோண லென்ஸுக்கும்தான் நஷ்டம். இரண்டாவதில் படத்தின் ஓரங்கள் கெடும். இரண்டு துண்டாகக் கழலும் அடாப்டராக இருந்தால், நடுவே 0.05 மி.மீ. தகட்டை ஒவ்வொன்றாக வைத்துச் சரிசெய்யலாம்.

பக்கவாட்டில் நிற்கும் புள்ளிக்கு: பல எம்42 அடாப்டர்களின் ஓரத்தில் மூன்று பொடி ஸ்க்ரூக்கள் இருக்கும். தளர்த்தி, உள்வளையத்தைத் திருப்பி, புள்ளி மேலே வந்ததும் மூன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி முடுக்குங்கள்.

எம்42-இல் இரண்டு கண்ணி உண்டு. ஒன்று, பின்னால் ஊசி இருந்து, ஏ/எம் (தானியங்கி/கையியக்கம்) சுவிட்ச் இல்லாத லென்ஸ். ஊசியை அமுக்கும் உள்விளிம்பு அடாப்டரில் இல்லாவிட்டால் எந்த எண்ணில் வைத்தாலும் அப்பர்ச்சர் திறந்தே கிடக்கும். இரண்டாவது, டி-மவுண்ட் என்ற வேறொரு திருகு வகை. அதுவும் 42 மி.மீ.தான், ஆனால் மரை இடைவெளி 0.75 மி.மீ., எம்42-இன் மரை இடைவெளி 1 மி.மீ. முதல் சுற்று ஏறிவிடும், பிறகு இறுகும். இறுகினால் நிறுத்திவிடுங்கள். அழுத்தினால் மரை போயிற்று.

ஆயர் ஈத்தாமிலிருந்து: ஐயா, அப்பாவோட பழைய லென்ஸ்ல வெள்ளையா நூல் மாதிரி இருக்கு. பூஞ்சைதானா? மத்த லென்ஸுக்கும் ஒட்டிக்குமா?

முதலில் அது என்னவென்று பாருங்கம்மா. அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கமாகக் கைப்பேசி டார்ச்சை அடித்து, முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். வேர் மாதிரி கிளைவிட்டிருந்தால் பூஞ்சை. பால் ஊற்றிய மாதிரி ஒரே சீராக இருந்தால் உள்ளே படிந்த எண்ணெய்ப் புகை. ஓரத்தில் வானவில் நிறத்தில் பிறை தெரிந்தால், ஒட்டிய இரு கண்ணாடிகள் பிரிகின்றன. அதை வீட்டில் சரிசெய்ய முடியாது.

பூஞ்சை வெளிக்கண்ணாடியில் இருந்தால் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலை லென்ஸ் துணியில் தொட்டு நடுவிலிருந்து வெளிநோக்கித் துடையுங்கள். பிடிவாதமாக இருந்தால் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடும் வீட்டு அமோனியாவும் சம அளவு, ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு. குளோராக்ஸ் போன்ற ப்ளீச்சை அமோனியாவோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சுவாயு கிளம்பும். உள்ளே இருந்தால் வளையம் கழற்றும் ஸ்பேனர் இல்லாமல் கை வைக்க வேண்டாம். கத்திரி முனையால் திருகிக் கீறிய லென்ஸ்கள் சந்தையில் ஏராளம். துடைத்த பிறகும் கோலம் போட்ட மாதிரி தடம் இருந்தால் பூஞ்சையின் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிட்டது என்று பொருள். வெளிச்சத்துக்கு எதிராக எடுக்கும்போது படம் வெளுக்கும், மற்ற நேரம் பெரும்பாலும் தெரியவே தெரியாது.

ஒட்டிக்கொள்ளுமா என்றால், வித்துகள் எப்படியும் காற்றில் இருக்கின்றன. நம்ம ஊர் ஈரப்பதம்தான் அவற்றை வளர்க்கிறது. சுத்தம் செய்யும்வரை தனியே வையுங்கள். தோல் உறையில் மட்டும் வைக்காதீர்கள், ஈரத்தைப் பிடித்துவைக்கும். டிரை கேபினட் (ஈரத்தைக் கட்டுப்படுத்தும் அலமாரி) இருந்தால் ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்தில் வையுங்கள். இல்லையென்றால் ரப்பர் வளையம் வைத்த காற்றுப்புகாத டப்பா, சிலிகா ஜெல், சின்ன ஈரப்பத மானி. ஆரஞ்சு மணிகள் பச்சையானதும் 110 டிகிரி அவன் அடுப்பில் ஓரிரு மணி நேரம் காயவைத்தால் மறுபடி உதவும்.

ஈப்போவிலிருந்து: டக்குமார் மஞ்சளாக இருக்கிறது, கதிரியக்கம் என்கிறார்கள். பயப்பட வேண்டுமா?

அந்தக் கண்ணாடியில் தோரியம் உண்டு. படம் எடுப்பதில் பயமில்லை. கண்ணாடியை உரசவோ உடைக்கவோ கூடாது. மஞ்சளைப் புறஊதா எல்இடி விளக்கில் சில நாள் வைத்தால் குறையும். வெயிலிலும் போகும், ஆனால் நம்ம வெயிலில் சூடேறி உள் எண்ணெய் அப்பர்ச்சர் இதழ்களுக்கு ஓடிவிடும். வெயிலைக் குவித்துத் தீ மூட்டவும் லென்ஸால் முடியும்.

பட்டர்வொர்த்திலிருந்து: அண்ணே, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில ராத்திரி காவடியைப் படம் எடுக்கணும். ஆளு நகர்ந்துக்கிட்டே இருப்பாங்க, மேனுவல் ஃபோகஸ் முடியுமா?

துரத்தாதீர்கள், காத்திருங்கள். ஃபுல் ஃபிரேமில் 35 மி.மீ., எஃப்/2.8, ஃபோகஸ் 3 மீட்டர் என்று வைத்தால் சுமார் 2.5 முதல் 3.8 மீட்டர் வரை தெளிவாக இருக்கும். காவடி அந்த எல்லைக்குள் வரும்போது அழுத்துங்கள். ஷட்டர் 1/250, ஐஎஸ்ஓ 6400 வரை விடுங்கள். பீக்கிங்கை (ஃபோகஸான ஓரங்களை வண்ணத்தில் காட்டும் வசதி) குறைந்த அளவில் சிவப்பாக வையுங்கள். அதிகமாக வைத்தால் ஃபோகஸ் ஆகாததையும் ஆனதாகக் காட்டும். எஃப்/1.4-இல் பீக்கிங்கை நம்பவே வேண்டாம், பெரிதாக்கித்தான் பார்க்க வேண்டும்.

கேமராவில் ஸ்டெபிலைசர் இருந்தால் குவியத் தூரம் 35 என்று கையால் கொடுங்கள். நேற்றுப் போட்ட 135 அப்படியே கிடந்தால் படம் இன்னும் ஆடும். எல்இடி விளக்கின் கீழ் மெக்கானிக்கல் ஷட்டர்தான். சைலண்ட் ஷட்டர் கோடு கோடாக விழுத்தும்.

ஷா ஆலமிலிருந்து: ஆம்கார்ப் மால் வாரக்கடைசிச் சந்தையில் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

டார்ச் கொண்டுபோங்கள். அப்பர்ச்சரை வேகமாக மூடித் திறந்து பாருங்கள். இதழ் மெதுவாக வந்தாலோ பளபளத்தாலோ எண்ணெய். ஃபோகஸ் வளையம் கிட்டத்திலிருந்து தூரம்வரை ஒரே கனத்தில் சுற்ற வேண்டும். முன்கண்ணாடியில் ஒரு சின்னக் கீறல் இருந்தால் விலையைப் பேசுங்கள். பின்கண்ணாடியில் இருந்தால் வேண்டாம்.