கேளுங்க, சொல்றோம்: குழாய்ல காத்து, வானத்துல கதவு

கேள்வி: டேங்க் நிறைய தண்ணி இருக்கு, ஆனா மாடி பாத்ரூம் குழாயத் திறந்தா புஸ்ஸுனு காத்துதான் வருது. பிளம்பர் வந்து பாத்துட்டு ஏர் லாக்கு, சுவத்த உடைச்சுப் பைப்ப மாத்தணும்ங்கிறார். பையனோ ஏர்லாக் விண்வெளியிலதான் இருக்கும்னு அடிச்சுச் சொல்றான். எது சரி?
- ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: ரெண்டு பேரும் சரிதாங்க, சுவத்த உடைக்கிறத மட்டும் நிறுத்தி வைங்க. கோடையில டேங்க் ஒருதடவ சுத்தமா காலியாகி மறுபடி ரொம்புறப்ப, பைப்பு எங்க மேல ஏறி வளைஞ்சு இறங்குதோ அந்த மேட்டுல காத்து மாட்டிக்கிரும், டேங்க் தண்ணிக்கு அதத் தள்ளுற அளவு அழுத்தம் இருக்காது. மோட்டார் தண்ணி நேரா வர்ற குழாய்ல இருந்து ஒரு ஹோஸ எடுத்து அடைச்ச குழாய் வாயில இறுக்கிப் பிடிச்சு, ரெண்டையும் திறந்துட்டு மோட்டாரப் போடுங்க, தண்ணி தலைகீழாப் போயி காத்த டேங்குக்கே துரத்திரும். திரும்பத் திரும்ப வந்துச்சுன்னா டேங்க்ல இருந்து இறங்குற பைப்புல ஒரு டீ ஜாயிண்ட் (T எழுத்து மாதிரி மூணு வாய் உள்ள இணைப்பு) போட்டு, டேங்க் மட்டத்துக்கு மேல நிக்கிற மாதிரி ஏர் பைப் வைக்கச் சொல்லுங்க, செலவு கம்மிதான்.

மேலூர் பக்கம் டிராக்டர் வச்சிருக்கவங்களுக்கு இது பழகுன தொல்லை. டீசல் காஞ்சு போனா லைன்ல காத்து ஏறிக்கிரும், காத்து அமுங்குமே தவிர டீசல் மாதிரி அழுத்தத்தக் கடத்தாது, அதனால பம்பு என்ன அமுக்குனாலும் இன்ஜெக்டர், அதாவது இன்ஜினுக்குள்ள டீசலப் பீச்சுற மூக்கு, திறக்காது. மெக்கானிக் ஃபில்டர் மேல இருக்க ஸ்க்ரூவ லூஸ் பண்ணிட்டு கைப்பம்ப அடிப்பார், மொதல்ல நுரைநுரையா வரும், தெளிஞ்ச டீசல் வந்ததும் முடுக்கிருவார். அது தெரியாம செல்ஃப அடிச்சுக்கிட்டே இருந்தா பேட்டரிதான் போகும்.

பையன் சொல்றது ரெண்டு கதவு உள்ள அறை. ஒண்ணு மூடுனாத்தான் இன்னொண்ணத் திறப்பாங்க, இல்லாட்டி விண்கப்பல் காத்து மொத்தமும் வெளிய போயிரும். 1965ல ரஷ்யாவோட லியோனவ் மொதமொதலா விண்வெளியில மிதந்தப்ப துணியில செஞ்சு காத்தடிச்சு உப்ப வச்ச ஏர்லாக் வழியாத்தான் போனாரு, திரும்புறப்ப சூட் உப்பிப்போயி உள்ள நுழைய முடியல, சூட்ல இருந்த காத்தக் கொஞ்சம் எறக்கிவிட்டுத்தான் வந்தாரு. சர்வதேச விண்வெளி நிலையத்துல இப்ப இருக்க குவெஸ்ட் ஏர்லாக்க 2001ல மாட்டுனாங்க. அப்ப 1969ல நிலாவுல இறங்குன அப்பல்லோ 11 ஓடத்துல? ஏர்லாக்கே கிடையாது, ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் சூட்ட மாட்டிக்கிட்டு கேபின் காத்து மொத்தத்தையும் வெளியேத்திட்டுத்தான் கதவத் திறந்தாங்க. பையன்கிட்ட இதக் கேட்டுப் பாருங்க, முழிப்பான்.