கேள்வி பதில்: க்ளூடோ ஆட்டம்

கேள்வி: கோடை விடுமுறைக்கு வந்த என் நாத்தனார் மகன், க்ளூடோ என்னும் கொலைத் துப்பறியும் பலகையாட்டத்தைக் கொண்டு வந்திருக்கிறான். இதை உருவாக்கியவர் யார்? உறைக்குள் மூன்று சீட்டுகளை வைப்பது எதற்காக?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: இங்கிலாந்தின் பர்மிங்காமைச் சேர்ந்த ஆண்டனி பிராட் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இதை உருவாக்கி, 1944-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பலகையை வரைந்தவர் அவருடைய மனைவி எல்வா. வாடிங்டன்ஸ் நிறுவனம் 1949-இல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது; அமெரிக்காவில் இதற்குக் க்ளூ என்று பெயர்.

மாளிகையில் டாக்டர் பிளாக் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். (ஆட்டம் முழுக்க அவரைப் பற்றித்தான் என்றாலும், பாவம், அவருக்கென ஒரு சீட்டுகூடக் கிடையாது.) சந்தேகத்துக்குரியவர்கள் 6 பேர், ஆயுதங்கள் 6, அறைகள் 9, ஆக மொத்தம் 21 சீட்டுகள். ஒவ்வொரு வகையிலும் ஒன்றை யாரும் பார்க்காமல் உறையில் இட்டுவிட்டால், கொன்றவர் யார், எந்த ஆயுதத்தால், எந்த அறையில் என்ற விடை அதற்குள் அடங்கிவிடும். மீதி 18 சீட்டுகளைக் கலைத்து ஆடுவோருக்குப் பங்கிட வேண்டும். இருக்கக்கூடிய விடைகள் 324. அவற்றைக் கழித்துக் கழித்து ஒன்றில் கொண்டுவந்து நிறுத்துவதே ஆட்டம்.

கேள்வி: பகடையில் எனக்கு நல்ல எண்களே விழுகின்றன, ஆனாலும் எங்கள் மாமனார்தான் ஒவ்வொரு முறையும் ஜெயிக்கிறார். பிறர் ஆடும்போதும் ஏதோ எழுதிக்கொண்டே இருக்கிறார். அப்படி என்னதான் எழுதுகிறார்?
– வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: தாயக்கட்டத்தில் ஆறும் பன்னிரண்டும் விழுந்தால் பாதி வெற்றி கைக்கு வந்ததுபோல் இருக்கும், இங்கே பகடை உங்களை ஓர் அறையின் வாசலில் கொண்டுபோய் விடுவதோடு சரி. (என் கணிப்பில் இந்த ஆட்டத்தின் சோம்பலான பகுதியே அதுதான்.) அறைக்குள் நுழைந்ததும், அந்த அறையோடு ஓர் ஆளையும் ஓர் ஆயுதத்தையும் சேர்த்துச் சொல்கிறீர்கள். உங்கள் இடப்பக்கம் இருப்பவரிடம் அம்மூன்றில் ஏதேனும் இருந்தால் ஒன்றை மட்டும் உங்களுக்கு மட்டும் காட்ட வேண்டும். இல்லையென்றால் கேள்வி அடுத்தவருக்குப் போகும்.

தமக்குக் காட்டிய சீட்டை எல்லோரும் குறித்துக்கொள்வார்கள். தங்கள் மாமனார் குறிப்பது, காட்ட முடியாமல் கைவிரித்தவர்களையும், பிறருக்குக் காட்டப்பட்டவற்றையுமாக இருக்க வேண்டும். தங்கள் மைத்துனர், ‘புரொபசர் பிளம், கயிறு, நூலகம்’ என்று கேட்க, அவருக்கு அடுத்திருக்கும் தங்கள் மனைவி ஒரு சீட்டைக் காட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிளம் மாமனாரின் கையிலேயே இருக்கிறது. கயிற்றையோ மைத்துனரே முந்தைய சுற்றில் அவருக்குக் காட்டியிருக்கிறார். அப்படியானால் காட்டப்பட்டது நூலகம்தான் என்பது, அந்தச் சீட்டைக் கண்ணால் பாராமலே, தமக்குரிய முறையும் வராமலே அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

தம்மிடம் உள்ள சீட்டையே கேட்பதும் விதிக்கு உட்பட்டதுதான். அறையும் ஆயுதமும் தம் கையில் இருக்க, ஆளைப் பற்றி மட்டும் உண்மையாகவே வினவுகிறவருக்கு ஒருவரும் சீட்டுக் காட்டவில்லை என்றால், கொலையாளி உறுதியாகிவிடுகிறார். மற்றவர்கள் மூன்றையுமே ஐயுற்றுக் கொண்டிருப்பார்கள். மாமனார் சிரித்த முகத்தோடு ஒரே ஆயுதத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் சற்றே எச்சரிக்கையாக இருங்கள்.

கேள்வி: சந்தேகத்துக்குரியவர்களில் ஒருவரான மிஸ் ஸ்கார்லெட்டின் காயை வைத்து ஆடிய என் மகள், உறையில் ஸ்கார்லெட்டே கொலைகாரியாக வந்ததும் அழுதுவிட்டாள். இதை ஆட்டத்தில் பிழை என்று கொள்ளலாமா? தவறாகக் குற்றம் சாட்டினால் என்ன ஆகும்?
– வாசகி, பெருந்துறை

பதில்: பிழை இல்லை. பலகையில் நகரும் காய்க்கும் உறையிலுள்ள சீட்டுக்கும் தொடர்பே கிடையாது. அவள் ஸ்கார்லெட்டை நகர்த்தினாள், அவ்வளவே. தன் காயின் பெயரையே சொல்லிக் குற்றம் சாட்டி அவள் வென்றிருக்கவும் முடியும்.

இறுதிக் குற்றச்சாட்டு ஒருவருக்கு ஒரே முறைதான். சொன்ன பிறகு உறையைத் தனியே பார்த்து, தவறென்றால் சீட்டுகளைச் சத்தமில்லாமல் திருப்பி வைத்துவிட வேண்டும். அதன்பின் அவர் காயை நகர்த்தவோ கேட்கவோ கூடாது. ஆனால் பிறர் கேட்கும்போது தம் சீட்டைக் காட்டியே ஆக வேண்டும் என்பதால், கோபித்துக்கொண்டு எழுந்து போக அனுமதி இல்லை.