பழைய நாட்டுப்புறக் கலைப்பொருட்களைச் சேகரிக்க ஆசை. எதில் தொடங்கலாம்? போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

பாக்குவெட்டியில் தொடங்குங்கள். பதினாறு வருடமாகச் சேர்க்கிறேன், இப்போது நாற்பதுக்கு மேல் இருக்கிறது. யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வேன். கைக்குள் அடங்கும், அலமாரியில் ஒரு தட்டு போதும். வெற்றிலை போடும் வழக்கம் குறைந்துவிட்டதால் பல வீடுகளில் பரணில் சும்மா கிடக்கிறது. கிளி, குதிரை, மயில் என்று செய்தவர் தன் கைவண்ணத்தைக் காட்டியிருப்பார். அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டைப் பார்ப்பது அபூர்வம்.

போலி விஷயத்துக்கு வருகிறேன். ஆரம்பத்தில் ஒரு பழம்பொருள் கடையில் கிளி வடிவப் பாக்குவெட்டி வாங்கினேன். பித்தளைப் பிடி முழுக்கப் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. இருநூறு வருடத்துப் பொருள் என்றார்கள், கேட்ட விலையைக் கொடுத்துவிட்டேன். ஊருக்குப் போனபோது பெரியப்பாவிடம் காட்டினேன். அவர் நாள் முழுக்க வெற்றிலை போடுகிறவர். இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு பாக்காவது வெட்டியிருக்கானாடா?" என்றார்.

அப்புறம் தன்னுடையதை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். கொட்டைப்பாக்கை, இரண்டு பிடியையும் இணைக்கும் ஆணிக்குப் பக்கத்தில் தள்ளி வைத்துத்தான் அழுத்துவோம், அங்கேதான் பலம் அதிகம். அதனால் பல வருடம் புழங்கிய அலகு அந்த இடத்தில் தேய்ந்து உள்வாங்கியிருக்கும். சாணை பிடித்துப் பிடித்து அலகின் அகலமே குறைந்திருக்கும். ஆணி கொஞ்சம் லொடலொடக்கும். மேல்பிடியின் பக்கவாட்டில், பெருவிரல் பதியும் இடம் வழவழவென்று இருக்கும். நான் வாங்கியதில் விரல் படும் இடத்திலும் அதே அளவு களிம்பு, அலகில் தேய்மானமே இல்லை, ஆணி ஓரத்தில் பளபளவென்று அரத்தின் புதுக் கீறல்கள். அமிலம் தடவி ஈர மண்ணில் புதைத்து வைத்தால் இந்தப் பச்சை சீக்கிரமே வந்துவிடுமாம். கொடுத்த பணத்தைவிட, ஒரு முறைகூட அதைத் திறந்து பார்க்காமல் வாங்கிவிட்டேனே என்பதுதான் அன்று வருத்தமாக இருந்தது.

அன்றிலிருந்து எந்தப் பொருளை எடுத்தாலும், இதை யார் எப்படிப் புழங்கியிருப்பார்கள், அப்படியானால் எங்கே தேய்ந்திருக்க வேண்டும் என்றுதான் முதலில் பார்க்கிறேன். பாவை விளக்கென்றால் முகத்தைப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாகப் புளி போட்டுத் தேய்த்த விளக்கில் மூக்கும் உதடும் மழுங்கியிருக்கும், தேய்க்கிற கை நுழையாத இடுக்குகளில் மட்டும் செதுக்கல் கூர்மையாக இருக்கும். முகம் கூர்மையாக இருந்து உடம்பு மட்டும் கறுத்திருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். மரப்பாச்சியில் இது இன்னும் அழகு. குழந்தைகள் கடித்த தலை, பிடித்துப் பிடித்துச் சிறுத்துப்போன இடுப்பு. செம்மர மரப்பாச்சியைக் கல்லில் உரைத்துக் குழந்தைக்குத் தடவும் பழக்கம் இருந்ததால் சிலவற்றின் அடிப்பாகம் சாய்வாகத் தேய்ந்திருக்கும். இதைக் குறை என்று சொல்லி விலை குறைப்பவர்கள் உண்டு. எனக்கு அந்தத் தேய்மானத்துக்காகவே அது வேண்டும்.

சாமி படங்களில் ஆசை இருந்தால் கையில் ஒரு லென்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். சாமி படங்களை அச்சிட்ட ரவி வர்மா அச்சகம் 1894இல் பம்பாயில் தொடங்கியது. அந்தக் காலக் கல்லச்சுப் (லித்தோகிராஃப்) படங்களில் வண்ணம் ஒழுங்கில்லாத பொடிப் பொடிப் புள்ளிகளாகத் தெரியும். பிற்கால ஆஃப்செட் நகலில் வரிசை பிசகாத புள்ளிகள். செட்டிநாட்டு வீடுகளில் இந்தப் படங்களின் மேல் ஜரிகையும் சம்கியும் வைத்துத் தைத்திருப்பார்கள். கிடைத்தால் விடாதீர்கள்.

எதை வாங்கக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோயிலிலிருந்து வந்திருக்கலாம் என்று தோன்றும் எதையும், தேர்ச்சிற்பத்தின் ஒரு துண்டாக இருந்தாலும், தொடாதீர்கள். தந்தம் பதித்த பல்லாங்குழிப் பலகை எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம், தந்த வியாபாரம் சட்டப்படி குற்றம். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி 100 வருடம் கடந்த கலைப்பொருளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது, மதிப்புள்ள ஓலைச்சுவடிக்கு 75 வருடமே போதும். விற்பவருக்கு உரிமம் வேண்டும், சில வகைப் பொருட்களை வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும். உரிமம் இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள், ரசீது வாங்குங்கள்.

வாங்குவதற்கு முன் நிறையப் பார்த்துவிடுங்கள். சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் வீடுகளையே பெயர்த்துக் கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள், பொருள் இருக்க வேண்டிய இடத்திலேயே இருப்பதைப் பார்க்கலாம். புனேயில் இருக்கும் கேல்கர் அருங்காட்சியகத்துக்குப் பாக்குவெட்டிக்காகவே போகலாம். இறந்துபோன மகன் பெயரில் ஒரு தனி மனிதர் சேர்த்தது அது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் முதல் இரண்டு தடவை எதுவும் வாங்காமல் சுற்றுங்கள்.

பொருளோடு அதன் கதையையும் கேட்டு வாங்கி, ஒரு அட்டையில் எழுதி நூலில் கட்டிவிடுங்கள். தேவகோட்டைப் பக்கம் ஒரு ஆச்சியிடம் சாதாரண இரும்புப் பாக்குவெட்டி ஒன்று வாங்கினேன். பெருவிரல் வழவழப்பு வழக்கத்துக்கு மாறாக மறுபக்கம் இருந்தது. யாராவது பிடியைக் கழற்றி மாற்றியிருப்பார்களோ என்று யோசித்தேன். ஆச்சியிடமே கேட்டேன்.

"எங்க ஆத்தாளோடது தம்பி. கல்யாணத்துக்கு வெத்தலைப் பெட்டியோட வந்துச்சு. ஆத்தாளுக்கு நொட்டாங்கைப் பழக்கம்ல."

அந்த அட்டையில் இருப்பது இரண்டே வரி: "தேவகோட்டை. கல்யாணச் சீரில் வந்தது. இடக்கைக்காரர் புழங்கியது." அதை நான் இடது கையில் பிடித்துப் பார்த்தேன், பெருவிரல் சரியாக அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது.