டீசல் எங்கே போகிறது? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 2018 மாடல் டீசல் பிக்கப் வைத்திருக்கிறேன். ராயக்கோட்டையில் தக்காளி ஏற்றிக் கோயம்பேடு போய், காலி கிரேட்டோடு திரும்புவேன். லிட்டருக்கு 13 கொடுத்த வண்டி இப்போது ஒன்பதரைதான் தருகிறது. ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், இன்ஜின் ஆயில் எல்லாம் மாற்றியாயிற்று. இன்ஜினுக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர் நான்கையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?
– வாசகர், ராயக்கோட்டை

பதில்: இப்போதைக்கு வேண்டாம். 400 கிலோமீட்டருக்கு 31 லிட்டர் குடித்த வண்டி இப்போது 42 லிட்டர் குடிக்கிறது. அந்த 11 லிட்டருக்கும் இன்ஜெக்டர்தான் காரணம் என்றால் கரும்புகை, ஐடிலில் (வண்டி நிற்க இன்ஜின் மட்டும் ஓடும்போது) தட்டல், காலையில் ஸ்டார்ட் ஆகத் தாமதம் என்று ஏதாவது ஒன்று கூடவே வந்திருக்கும். நீங்கள் ஒன்றையும் எழுதவில்லை. இன்ஜினில் கை வைக்கும் முன் சக்கரங்களைப் பாருங்கள்.

அதற்கும் முன்னால், கணக்கு சரிதானா என்று பார்த்துவிடுங்கள். ஒரே பங்கில், ஒரே பம்பில், பம்ப் தானாக நிற்கும் முதல் கட்-ஆஃப் வரை நிரப்பி, போய்வந்து அதே பம்பில் அதேபோல் நிரப்புங்கள். ஒரு வழியை மட்டும் அளந்தால் ஏமாந்துவிடுவீர்கள். உங்கள் ஊர் மேட்டில் இருக்கிறது, சென்னை கடல் மட்டத்தில். மூன்று டன் எடையுள்ள எந்த வண்டியையும் 400 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற மட்டும் ஏறக்குறைய ஒரு லிட்டர் டீசல் கூடுதலாகப் போகும். அளவு பெரிய டயர் மாற்றியிருந்தால் மீட்டர் குறைத்துக் காட்டும். நெடுஞ்சாலை கிலோமீட்டர் கல்லோடு 20 கிலோமீட்டர் ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

அடுத்து பிரேக். சமதள ரோட்டில் பிரேக்கை அதிகம் தொடாமல் 15 கிலோமீட்டர் ஓட்டி, வண்டியைத் தானாகவே நிற்க விடுங்கள். இறங்கி நான்கு சக்கரங்களுக்கும் அருகே கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அங்கேதான் டீசல் எரிகிறது. ஜாக்கி போட்டு அந்தச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் வீல் சிலிண்டரில் காற்றை வெளியேற்ற இருக்கும் திருகான பிளீடர் நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்துங்கள். பிரேக் ஆயில் பீச்சிக்கொண்டு சக்கரம் விடுபட்டால், ஆயில் திரும்பிப் போக வழியில்லை என்று பொருள். பெரும்பாலும் ரப்பர் ஹோஸ் உள்ளே உப்பி அடைத்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் புதிது போலவே இருக்கும் என்பதால் பலர் இதைத் தவறவிடுகிறார்கள். நிப்பிளைத் திறந்தும் விடுபடவில்லையா? வீல் சிலிண்டர் பிஸ்டன் துருப்பிடித்திருக்கும், பிரேக் லைனர் அட்ஜஸ்ட்மென்ட் அதிகமாக இறுகியிருக்கும், அல்லது ஹேண்ட் பிரேக் கேபிள் உறைக்குள் சிக்கியிருக்கும். முன்சக்கரத்தில் என்றால் டிஸ்க் பிரேக்கைப் பிடிக்கும் கேலிப்பரின் பின் கிரீஸ் வற்றி ஒட்டியிருக்கும். நான்கு சக்கரமும் சேர்ந்து பிடித்தால் பிரேக் பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவே ஃப்ரீ பிளே (சிறு இடைவெளி) இருக்கிறதா என்று பாருங்கள். வேலை முடிந்ததும் பிளீட் செய்து காற்றை எடுக்காமல் வண்டியை ரோட்டில் இறக்காதீர்கள்.

டயர் காற்றை விடியற்காலையில், டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டவணையில் லோடுக்கு என்று போட்டிருக்கும் அளவுதான் சரி. வெயில் காலம் என்று குறைத்து அடிப்பது தப்பு. காற்று குறைந்த டயர்தான் அதிகம் சூடாகும். முன்டயரின் மேல் கையைக் குறுக்கே தடவுங்கள். ஒரு பக்கம் தடவினால் வழவழப்பாகவும் எதிர்ப்பக்கம் தடவினால் கீறுவது போலவும் இருந்தால் சக்கரங்களின் நேர்கோணமான அலைன்மென்ட் போய்விட்டது.

இவை சரியாக இருந்தால், இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போவிலிருந்து அந்தக் காற்றை ஆற்றும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸைப் பாருங்கள். இன்ஜினை அணைத்து, மடிப்புகளைப் பிதுக்கிப் பாருங்கள். வெடிப்பு அப்போதுதான் வாய் திறக்கும். கிளாம்ப் ஓரத்தில் ஆயில் ஈரமும் புழுதியும் ஒட்டியிருந்தால் காற்று கசிகிறது. அப்போது இழுவை குறையும், நீங்கள் ஆக்சிலேட்டரை மேலும் மிதிப்பீர்கள். மேட்டில் நான்காவது கியரில் முழுதாக மிதிக்கும்போது இன்ஜின் சத்தம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் நழுவுகிறது.

ஹீட் மீட்டர் நடுவுக்கு வருகிறதா என்றும் கவனியுங்கள். வெயில் ஊர் என்று, இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் ஒன்று உண்டு. இன்ஜின் சூடாகாமலே ஓடும், டீசல் கூடுதலாகப் போகும். புதிது வாங்கிப் போடுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகும் குறை இருந்தால் இன்ஜெக்டர். அப்போதும் நான்கையும் மொத்தமாக மாற்ற வேண்டாம். இன்ஜெக்டரில் மிச்சமாகும் டீசல் திரும்பிவரும் நான்கு ரிட்டர்ன் குழாய்களிலும் ஒரே அளவு பாட்டில் மாட்டி, இரண்டு நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு அளக்கச் சொல்லுங்கள். மற்றவற்றைவிட மிக அதிகமாக நிரம்புவது எதுவோ அதுதான் உள்கசிவு உள்ள இன்ஜெக்டர். இன்ஜெக்டரின் நுனியான நாசிலின் தேய்மானத்தை டெஸ்ட் பெஞ்சில் வைத்துத்தான் பார்க்க முடியும். இன்ஜின் ஓடும்போது ஹை பிரஷர் பைப்பைத் தளர்த்த யாரையும் விடாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

கேள்வி: ஓசூருக்குள்ளேயே ஓடும் பிஎஸ்-6 பிக்கப். லோடு குறைவு, ஆனாலும் மைலேஜ் இல்லை. ஆயில் அளவு வேறு ஏறுகிறது.
– வாசகர், ஓசூர்

பதில்: ஆயில் ஏறுவதுதான் இதில் முக்கியம், அதில் டீசல் கலக்கிறது. சைலன்சர் வழியில் உள்ள டிபிஎஃப் என்ற வடிகட்டி சேர்த்துவைத்த புகைக்கரியை எரிக்க இன்ஜின் அவ்வப்போது கூடுதல் டீசல் செலுத்தும். இரண்டு மூன்று கிலோமீட்டரில் நீங்கள் அணைத்துவிட்டால் வேலை பாதியில் நிற்கும், அடுத்த முறை மறுபடி தொடங்கும், எரியாத டீசல் ஆயிலில் இறங்கும். ஐடில் கொஞ்சம் உயர்ந்து, ஃபேன் ஓடி, சூட்டு வாசம் வந்தால் அது நடந்துகொண்டிருக்கிறது. அப்போது அணைக்காதீர்கள். கிருஷ்ணகிரி சாலையில் நிதானமான வேகத்தில் அரைமணி நேரம் ஓட்டுங்கள். ஆயில் டிப்ஸ்டிக்கின் மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் உடனே மாற்றுங்கள், அதுவும் மேனுவலில் சொன்ன டிபிஎஃப் ரக ஆயிலாக. டிபிஎஃப் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் ஸ்கேனர் போட வேண்டும். டிபிஎஃப்பை வெட்டி எடுக்கச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

கேள்வி: தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சமாகுமா?
– வாசகர், தர்மபுரி

பதில்: ஆகாது. இன்றைய டீசல் இன்ஜினில், கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐடிலுக்கு டீசல் செலவாகும். அதைவிட, இன்ஜின் பிடிப்பு இல்லாமல் முழு பாரத்தையும் பிரேக் தாங்க வேண்டியிருக்கும். லைனர் சூடேறினால் பெடல் மிதித்தும் வண்டி நிற்காது. அந்த மேட்டை எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரை இறக்கம் தொடங்கும் முன்பே போடுங்கள். கருகல் வாசம் வந்தால் அகலமான இடத்தில் ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, தானாக ஆற விடுங்கள். சூடான பிரேக் ட்ரம்மில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடலாம்.